நல்லா எறங்கிருச்சுங்க

வெண்ணந்தூர்ப் பக்கம் வந்து வசந்தாமணி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். நர்சக்கா வீடு என்று கேட்டுப் பாருங்கள், வண்டியில் ஏறி உட்கார்ந்து கூடவே வந்து காட்டுவார்கள். இத்தனைக்கும் அவள் நர்சும் இல்லை, நர்சுக்குப் படித்தவளும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். வீடு வீடாகப் போய் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற தன்னார்வலர் வேலை அவளுக்கு. தோளில் ஒரு பை, சேலைக்கு மேல் ஒரு நீலக் கோட்டு, அவ்வளவுதான். ஊர் தானாகவே நர்சக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது, அவளும் தடுக்கவில்லை. நீங்களாக இருந்தாலும் தடுத்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பேர் அவளை எங்கிருந்து கைதூக்கிவிட்டது என்று தெரிந்தால்தான், அதைக் காப்பாற்றிக்கொள்ள அவள் செய்த காரியம் விளங்கும். விளங்கிக்கொள்ளலாம். மன்னிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

தாவணி போட்ட வருஷமே வசந்தாமணி விசைத்தறிப் பட்டறைக்குள் போனாள். போனவள் கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவரைக்கும் அங்கேயேதான் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. தறி ஓட்டுகிறவளுக்கு உட்கார இடம் கிடையாது. ஒரு தறியில் நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும், அதற்குள் அடுத்த தறியில் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்திருக்கும். பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மாறி மாறி நின்று இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. மூக்கில் பஞ்சுத்தூசி, தலைமுடியில் பஞ்சுத்தூசி, தூக்குப்போசியைத் திறந்தால் சோற்றிலும் அதுதான். எல்லாவற்றையும்விடக் கொடுமை சத்தம். பட்டறைக்குள் யாரும் பேசிக்கொள்வதில்லை, கத்திக்கொள்கிறார்கள். இடது காது பாதி போய்விட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். புருஷன் வேலுமணியும் அதே பட்டறைதான். நெஞ்சில் சளி கட்டி இருமல் நிற்காமல் போனதும் அவன் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

மகளிர் குழுவிலிருந்து சுகாதார வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் வசந்தாமணி முந்திக்கொண்டாள். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை. அவள் கூப்பிட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வீடு வீடாகப் போகிற வேலைக்கு வேறென்ன வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நடத்தியவர் தண்டாயுதபாணி. ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள். ஊர் ஊராகப் போய் இந்த மாதிரிப் பெண்களுக்குப் பாடம் எடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். மத்தியானச் சாப்பாட்டில் எல்லாருக்கும் வடை வந்ததா என்று இலை இலையாகப் பார்த்துவிட்டுத்தான் தான் உட்காருவார். ஆனால், எதையும் கோஷமாக்கினால்தான் பொம்பளைகள் மண்டையில் ஏறும் என்று ஒரு நினைப்பு அவருக்கு.

“உங்க வேலை என்னம்மா?”

“எறக்கறதுங்க சார்!”

“பிரஷரை?”

“எறக்கோணும்!”

“சுகரை?”

“எறக்கோணும்!”

“ஏறுனா?”

“ஆபத்துங்க!”

“எறங்குனா?”

“நிம்மதிங்க!”

மண்டபமே அதிரும். அதில் வசந்தாமணியின் குரல் தனியாகக் கேட்கும். தண்டாயுதபாணிக்கு அவளைப் பிடித்துப்போனது. நோயாளி வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று நடித்துக் காட்டச் சொல்லும்போதெல்லாம் அவளைத்தான் நோயாளியாகப் பெஞ்சில் படுக்கவைப்பார். அவளும் கண்ணைச் செருகி, வாயைக் கோணி, கைகாலை இழுத்து, பார்க்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிற மாதிரி நடிப்பாள். முடிந்ததும் கைதட்டுவார்கள். தறியில் நின்ற காலத்தில் அவளைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை.

கடைசி நாள் மத்தியானம் ஒரு பாடம் பாக்கி இருந்தது. சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோனால் என்ன ஆகும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்ற பாடம். அன்றைக்கென்று பார்த்துப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று சேதி வந்தது. உடனே நாற்காலியெல்லாம் ஓரத்துக்குப் போனது. பெண்களை உயரப்படி வரிசையாக நிறுத்தி, கோட்டு மாட்டி, பையைத் தோளில் தொங்கவிட்டு, கோஷத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார் தண்டாயுதபாணி. அதிகாரி பொழுது சாய வந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், போனார்.

“மிச்சப் பாடம் புஸ்தகத்துலயே இருக்குதும்மா, ஊட்டுல போயிப் படிச்சுக்கோங்க” என்று சொல்லி, ஆளுக்கொரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வசந்தாமணி அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். புத்தகத்தைப் பரணில் போட்டாள்.

அவளுக்கு ஒதுக்கிய தெருக்களில் சர்க்கரை ஏறியே கிடந்த ஆள் கந்தப்பன். வயதானவர், சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் மோகன்குமார் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். வீட்டில் இருந்தது கிழவரும் மருமகள் தனப்பிரியாவும்தான். கிழவருக்குக் கை நடுக்கம். அதனால் காலையும் சாயங்காலமும் இன்சுலின் ஊசியை மருமகள்தான் போட்டுவிடுவாள். ஊசி ஒரு பக்கம் இறக்கினால் கிழவர் வாய் மறுபக்கம் ஏற்றிவிடும்.

“ஏனுங்க மாமா, உங்களால என்ற பொழப்பே போயிரும்போல இருக்குதுங்க. அந்தக் கடலை உருண்டையக் கீழ வையுங்க” என்பாள் வசந்தாமணி.

“சாவறதுக்குள்ள வாய்க்கு ருசியா ரெண்டு தின்னுக்கறேன், உடு நர்சு. நீயும் ஒண்ணு எடுத்துக்க” என்று டப்பாவை நீட்டுவார் கந்தப்பன்.

விளையாட்டாகச் சொன்ன பேச்சு கொஞ்சநாளில் நிஜமாகவே வந்து நின்றது. மாதாந்திரக் கூட்டத்தில் கந்தப்பன் பேர் வரும்போதெல்லாம் வசந்தாமணி எழுந்து நிற்க வேண்டியிருந்தது. “அந்த ஆளுக்கு எப்பப் பாத்தாலும் முந்நூறுக்கு மேலயே நிக்குது. நீங்க அந்த ஊட்டுக்குப் போறீங்களா இல்லையா? இப்படியே இருந்தா வேற ஆளப் போட்டுக்கறோம்” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்கள். வேறு ஆள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வசந்தாமணிக்குத் தறிச் சத்தம் கேட்டது. வீட்டில் இருமுகிற புருஷன், புடைத்த காலோடு அவள். கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டால் நேராகப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே போவதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தாள். சாக வேண்டியது தான்தான் என்று அப்போது நினைத்தாள், பாருங்கள்.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுகிற வீடு அது. படையல் வைத்துக் கோவிந்தா சொல்கிறவரைக்கும் எதுவும் வாயில் வைக்கக்கூடாது. அதற்கப்புறம் ஒரே வேளைச் சோறு. ஒருசந்தி என்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் தனப்பிரியா வசந்தாமணியைத் தெருவிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“நர்சக்கா, நாளைக்கு மாமா ஒருசந்திங்க. தளிகை போட உச்சியாயிரும். காத்தால ஊசி போடலாமுங்களா, வேண்டாமுங்களா?”

“ஊசிய என்ன ஆனாலும் நிறுத்தப்படாதுன்னு சார் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு அம்மிணி. நீ பாட்டுக்குப் போடு.”

“வெறும் வயித்துலங்களா அக்கா?”

“வெறும் வயித்துல போட்டா இன்னும் நல்லாத்தான் எறங்கும். போடு, நான் காத்தால வந்து பாக்கறேன்.”

சொன்னபடி வந்தாள். கந்தப்பன் குளித்து, நாமம் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாமம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது. கை எப்போதையும்விட அதிகமாக நடுங்கியது. பேச்சுக் குழறியது.

“நர்சு... கண்ணு இருட்டிட்டு வருது... இனிப்பா எதாச்சும்...”

“பாத்தீங்களா, ஒருசந்தியன்னிக்குங்கூட உங்களுக்கு இனிப்புதான் கேக்குது” என்று சிரித்துக்கொண்டே விரலில் குத்தினாள் வசந்தாமணி. மிஷினில் எண் வந்தது. ஐம்பத்திரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். முந்நூறில் நின்ற ஆள்! இந்தப் பிறவியில் தானாகச் சாதித்த காரியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. இனிமேல் கூட்டத்தில் குனிந்த தலையோடு நிற்க வேண்டியதில்லை. நின்றால் கைதட்டுவார்கள்.

“அம்மிணி! ஓடியா, ஓடியா! மாமனுக்குச் சக்கரை நல்லா எறங்கிருச்சு!”

தெருவுக்கே கேட்டது. தனப்பிரியா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு டம்ளர். மாமனார் தவிக்கிறதைப் பார்க்கச் சகிக்காமல், ஒருசந்தியாவது ஒன்றாவது என்று, நாட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி எடுத்து வந்திருந்தாள். கிழவர் இரண்டு கையையும் நீட்டினார். டம்ளர் உதட்டில் படப்போகிற நேரத்தில் வசந்தாமணி அதைப் பறித்தாள்.

“அறிவிருக்குதா உனக்கு? இத்தன நாளா நான் நாயாப் பாடுபட்டு எறக்குனத ஒரே மொடக்குல ஏத்தப் பாக்கறயா?”

“இல்லீங்க அக்கா, நெம்ப வேத்து ஊத்துதுங்க...”

“எறங்குறப்ப வேக்கத்தான் செய்யும். காச்சல் எறங்குறப்ப வேக்கறதில்ல? படுத்துத் தூங்குனாச் செரியாப் போயிரும். தூங்கட்டும், உடு.”

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காய்ச்சல் இறங்கினால் நல்லது, விஷம் இறங்கினால் நல்லது, கோபம் இறங்கினால் நல்லது. இறங்கியதைக் கண்டு பயப்பட அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய மத்தியானத்தில் அவளைப் போட்டோவுக்கு நிற்கவைத்திருந்தார்கள். அதுவரைக்கும் அவள் மேல் கோபப்பட முடியாது. டம்ளர்த் தண்ணீரை வாசலில் இருந்த செடிக்கு ஊற்றிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். கந்தப்பன், சொன்ன பேச்சைக் கேட்டு, படுத்துக்கொண்டார்.

உச்சிக்குப் படையல் வைத்து, கோவிந்தா சொல்ல எழுப்பினால் எழவில்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. படுக்கை தொப்பலாக நனைந்திருந்தது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, “சாப்பாடு குடுக்காம ஊசி போட்டிருக்கீங்க. யார் போட்டது?” என்று மட்டும் கேட்டார்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் தனப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நர்சக்காதானுங்க போடச் சொன்னாங்க” என்றாள் அவள்.

சேதி கேட்டு ஓடி வந்து வராந்தா ஓரமாக நின்றிருந்த வசந்தாமணி பக்கம் தலைகள் அத்தனையும் திரும்பின. எது தப்பாகிப் போனது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு தப்பு நடந்திருக்கிறது, அது யார் தலையிலாவது இறங்கப்போகிறது என்பது மட்டும் விளங்கியது. யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகப் பேசியது.

“நான் எங்க சாமி அப்படிச் சொன்னேன்? சோறு தின்னதுக்கப்பறம் போடுன்னுதான சொன்னேன்? நான் போயிட்டு வாரப்ப மாமா நல்லாத்தானுங்க இருந்தாரு.”

தனப்பிரியா வாயைத் திறப்பதற்குள் கந்தப்பனின் அக்கா பாவாயி அந்த வராந்தாவிலேயே அவளை அறைந்தாள். மோகன்குமார் வந்தான், காரியம் முடித்தான், பொண்டாட்டியை எடப்பாடியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். அப்பனைக் கொன்றவளோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று அப்புறம் சொல்லியனுப்பினான். அதோடு சரி.

வசந்தாமணி பரணிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். வேர்த்துக் கொட்டுவது, நடுக்கம், பேச்சுக் குழறுவது, இனிப்புக்குத் தவிப்பது, எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் படமும் வரைந்திருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் தறி ஓட ஆரம்பித்தது. தனப்பிரியா ஞாபகம் வந்தது, உண்மைதான். ஆனால் தறிச் சத்தத்தில் யார் குரல்தான் கேட்கும்?

சில நாளில் விசாரிக்கவென்று தண்டாயுதபாணியே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

“வசந்தாமணி, அந்த... சுகர் கொறஞ்சா என்ன பண்றதுங்கற பாடம்... அத நாம எடுத்தோமில்லையா?”

பயந்திருப்பது தான் மட்டும் இல்லை என்று அவளுக்கு அந்த ஒரு கேள்வியில் புரிந்துபோனது.

“எடுத்தீங்களே சார். கடைசி நாளு மத்தியானம். எனக்கு நல்லா நெனப்பிருக்குதுங்க.”

“அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“சோறு தின்னதுக்கப்பறம்தான் ஊசின்னு சொன்னனுங்க.”

“அதான! நாம சொல்லிக்குடுத்ததே அதுதான!” என்று அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கொடுத்த காப்பியை முழுசாகக் குடித்தார். மிஷினில் என்ன எண் காட்டியது என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. போகிறபோது, “இது எல்லாத்துக்கும் ஒரு பாடமுங்க. அடுத்த பேட்ச்சுல வந்து உங்க வாயால சொல்லோணும்” என்றார்.

சொன்னாள். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை சரளமாக வந்தது. அப்புறம் தண்டாயுதபாணி எந்த ஊருக்குப் பாடம் எடுக்கப் போனாலும் வசந்தாமணியும் கூடப் போக ஆரம்பித்தாள். சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு மருமகள், பட்டினியாகக் கிடந்த மாமனாருக்கு ஊசி போட்டுக் கொன்ற கதை. சொல்லச் சொல்ல அந்த மருமகள் திமிர் பிடித்தவளானாள், போனை நோண்டிக்கொண்டே இருக்கிறவளானாள், மாமனார் எப்போது போவார் என்று காத்திருந்தவளும் ஆனாள். கேட்கிற பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு கட்டத்தில் வசந்தாமணிக்கே அது நடந்த மாதிரிதான் தோன்றியது.

அப்படித்தான் எடப்பாடிப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போனார்கள். புதிதாக எடுத்த பெண்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாமணி நுழைந்ததும் முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, தலைமுடியில் பஞ்சுத்தூசி. தனப்பிரியா.

“நர்சக்கா, என்னெ நெனப்பிருக்குதுங்களா? இங்க தறிக்குத்தானுங்க போயிட்டிருந்தேன். சத்தம் தாங்கறதில்லீங்க அக்கா, ராத்திரியெல்லாம் காதுக்குள்ளயே ஓடுது.” அவள் கண்ணில் நீர் கோத்தது. “அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்க மேல பழியப் போட்டுட்டனுங்க. நெனச்சு நெனச்சுப் பாத்தேன், எனக்கே கொழம்பிப் போச்சு. சோறு தின்னதுக்கப்பறம்னு நீங்க சொன்னத நான்தான் காதுல வாங்காம உட்டுட்டனாட்ட இருக்குது. மனசுல வெச்சுக்காதீங்க அக்கா. இன்னொருத்தரு ஊட்டுல இப்படி ஆகப்படாதுன்னுதான் இந்த வேலைக்கு வந்தேன்.”

“அட, அதெயெல்லாம் எவ நெனச்சுட்டு இருக்கறா” என்று வசந்தாமணி அவளைப் பெருந்தன்மையாக மன்னித்தாள். கதையை இன்றைக்கு விட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். ஆனால் தண்டாயுதபாணி அதற்குள் மைக்கில் அவள் பேரைச் சொல்லிவிட்டார். அவர் தனப்பிரியாவை முன்னே பின்னே பார்த்தவர் இல்லை. வசந்தாமணி எழுந்து போய்ச் சொன்னாள். போனையும் திமிரையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகத்தான் சொன்னாள். முன்வரிசையில் தனப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தன் தப்பை எண்ணித் தேம்பித் தேம்பி அழுதாள்.

அடுத்து தண்டாயுதபாணி பாடத்தை எடுத்தார். அந்தச் சாவுக்குப் பிறகு அவர் இதை ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை. “சுகர் எழுபதுக்குக் கீழ போச்சுன்னா அது நல்ல சேதி இல்லம்மா, எமன் வாசல்ல நிக்கறான்னு அர்த்தம். வேர்க்கும், நடுங்கும், வாய் குழறும், இனிப்புக் கேப்பாங்க. அப்ப இத ஒரு டம்ளர் குடுத்தாப் போதும், உசிரு நின்னுக்கும்” என்று மேசைமேல் கலக்கி வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரைத் தூக்கிக் காட்டினார்.

வசந்தாமணி தனப்பிரியாவைப் பார்த்தாள். அவள் அழுகை நின்றிருந்தது. கண் அந்த டம்ளரிலேயே நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்துவிட்டு, அது மெதுவாக வசந்தாமணி முகத்துக்கு வந்தது.

வழக்கம்போல நடித்துக்காட்டும் நேரம் வந்தது. வழக்கம்போல வசந்தாமணிதான் நோயாளி. பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டு ஆளாக ஒரு பெண்ணை டம்ளரோடு நிறுத்திவிட்டு, தன்னார்வலராக யார் வருகிறீர்கள் என்று தண்டாயுதபாணி கேட்டார். தனப்பிரியா எழுந்தாள்.

விரலில் குத்துகிற மாதிரி குத்தினாள். “எவ்வளவுங்க சார் காட்டுது?”

“ஐம்பதுன்னு வெச்சுக்கோம்மா.”

தனப்பிரியா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள். “ஓடியா, ஓடியா! மாமனுக்குச் சக்கரை நல்லா எறங்கிருச்சு!”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. டம்ளரோடு வந்த பெண்ணின் கையிலிருந்து அவள் அதைப் பறித்தாள். “அறிவிருக்குதா உனக்கு? இத்தன நாளா நான் நாயாப் பாடுபட்டு எறக்குனத ஒரே மொடக்குல ஏத்தப் பாக்கறயா? எறங்குறப்ப வேக்கத்தான் செய்யும். தூங்கட்டும், உடு!”

ஒரு சொல் மாறவில்லை. வசந்தாமணிக்கு நல்ல காது மேல்பக்கம் இருந்தது. எல்லாம் விழுந்தது.

“ஏம்மா, இப்பத்தான சொல்லிக்குடுத்தேன்? ஆளக் கொன்னுபோடுவியா?” என்று தண்டாயுதபாணி அதட்டினார்.

“எனக்கு ஒரு நர்சக்கா இப்படித்தானுங்க சார் சொல்லிக்குடுத்தாங்க. அன்னிக்கு இதே மாதிரி டம்ளரு என்ற கையில இருந்துதுங்க.”

சிரிப்பு அடங்கிவிட்டது. வசந்தாமணி மூடிய கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பெண்ணுக்குப் புருஷன் கிடைக்கிறானோ இல்லையோ, தூக்கம் கிடைக்கும். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. அதன் பின்னாலேயே தறிச் சத்தமும் வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் இருந்தது. நடித்துப் பழகியவளுக்கு அதற்கென்ன பஞ்சம்?

“சார், நான் இத்தன நாளாச் சொல்லிட்டிருக்கற மருமக வேற யாருமில்லீங்க. இந்தப் புள்ளதான். பாவம், பொழைச்சுப் போகட்டுமேன்னு வாயத் தொறக்காம இருந்தேன். இது கையில மிஷினக் குடுத்து நாலு ஊட்டுக்கு அனுப்புனா என்ன ஆகறது?”

தனப்பிரியாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தண்டாயுதபாணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. அந்த மத்தியானத்தில் எடுக்காமல் விட்ட பாடம் அவருக்கும் ஞாபகம் இருந்தது. அதனால்தான் அவர் குரல் அவ்வளவு கனிவாக வந்தது.

“நீ ஊட்டுக்குப் போம்மா. மனசு சரியில்லாதவங்கள இந்த வேலைக்கு வெச்சுக்க முடியாது.”

தனப்பிரியா கத்தவில்லை, சாபம் விடவில்லை. டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி, நீலக் கோட்டைக் கழற்றி, மடித்து, பெஞ்சின்மேல் வைத்தாள். அப்புறம் அந்த டம்ளரை வசந்தாமணியிடம் நீட்டினாள்.

“நீங்க குடிங்க அக்கா. உங்களுக்கு வேத்து ஊத்துது. எறங்கிருச்சுன்னாச் செத்துப்போயிருவீங்களாம்.”

வசந்தாமணி வாங்கிக்கொண்டாள். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது, வாங்காமல் என்ன செய்வாள்? தனப்பிரியா வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். நாளை விடிந்தால் அவளுக்கு மறுபடி தறியில் ஷிப்டு. தண்டாயுதபாணிக்குப் பாடம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை. மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

“பாத்துக்கோங்கம்மா, இப்படித்தான் குடுக்கோணும். பாதியில நிறுத்தக்கூடாது, முழுசாக் குடிக்க வெக்கோணும்.”

வசந்தாமணி குடித்தாள். டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை கொஞ்சம் தங்கியிருந்தது. அதையும் ஆட்டிக் குடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.